கடைக்கோடி ஐயா

இல்லீங்க, நீங்க சன்னலோரமே உக்காருங்க. அடியேன் இப்படி ஓரத்துல ஒட்டிக்கறேன். அட, உக்காருங்க. நீங்க நின்னா நானும் நிக்கோணும், அப்புறம் கண்டக்டர் சத்தம் போடுவாரு. ம், அப்படித்தான். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான், பையன் ஊட்டுக்கு. ரெண்டரை மணி நேரம் ஆகும். பல்லடத்துல வண்டி நின்னுபோச்சுன்னா மூணு.

என்னை எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களா? இல்லீங்களா. செரி, உடுங்க. தாராபுரம் சுத்துவட்டாரத்துல கடைக்கோடி ஐயான்னா தெரியாதவங்க கம்மி. பேரு சென்னியப்பன். நில அளவையில சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவன். கடைக்கோடிங்கறது அடியாருங்க வெச்ச பேரு. எங்க கூட்டத்துல எப்பவும் கடைசி வரிசையிலதான் உக்காருவேன், அதனால. நானா வெச்சுக்கலை. அந்தப் பேருல போர்டு மட்டுந்தான் நான் எழுதச் சொன்னது. அதுல என்ற போட்டோ வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. செரி, சிறுசாப் போடுங்கன்னேன். சிறுசாத்தான் போட்டாங்க. சாமி படத்தை உட ஒரு சாண்தான் பெருசு.

கூட்டம்னா சிவனடியார் கூட்டமுங்க. மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை ஏதாச்சும் ஒரு கோயிலுக்குப் போவோம். காலையில எட்டு மணிக்குப் பதிகம் பாட ஆரம்பிச்சா ஒண்ணு உடாம அத்தனையும் பாடி முடிக்கப் பொழுது சாஞ்சிரும். நடுவுல மத்தியானம் பந்தி போட்டு அடியாருங்களுக்குச் சாப்பாடு. இதுல ரெண்டு மூணு வழக்கம் இருக்குது. ஒண்ணு, யாரும் ‘நான்’னு சொல்லக்கூடாது, ‘அடியேன்’னுதான் சொல்லோணும். நான் பதினாறு வருசமா ‘நான்’ங்கற வார்த்தையே சொன்னதில்லீங்க. இன்னொண்ணு, ஒரு அடியார் இன்னொரு அடியாரப் பாத்தா கால்ல விழுகோணும். அவரும் பதிலுக்கு விழுவாரு. யாரு மொதல்ல எந்திரிக்கறாங்களோ அவங்களுக்குப் பணிவு ஒரு மாத்து கம்மி. அப்படின்னு எங்கியும் எழுதி வெக்கலை, ஆனா எல்லாத்துக்கும் தெரியும். அர்த்தநாரின்னு ஒருத்தரு, பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தவரு. ஒருக்கா அவரும் நானும் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்டோம். விழுந்தோம். அவரும் எந்திரிக்கலை, நானும் எந்திரிக்கலை. எங்க டவுன் பஸ்ஸு போயிருச்சு. அடுத்த பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்ச பொறவு ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சோம். அவரு அரை விநாடி முன்னால எந்திரிச்சாரு. சர்வேயர் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாதுங்க.

உக்கார்ற எடமும் அப்படித்தான். வேற கூட்டத்துல மொதல் வரிசைக்கு அடிச்சுக்குவாங்க, எங்ககிட்டக் கடைசி வரிசைக்கு. மொதல்ல நான் மண்டபத்துச் செவுத்தோரம் உக்காந்திருந்தேன். அர்த்தநாரி வாசப்படிகிட்டப் போயி உக்காந்தாரு. அடுத்த மாசம் நான் வாசப்படிக்கு வெளியில போனேன். அவரு செருப்பு உடற எடத்துக்குப் போனாரு. கடைசியா நான் செருப்புக்கும் அக்கட்டால தண்ணிக் குழாய்கிட்டப் போயி உக்காந்தேன். அதுக்கு மேல போனா ரோடு. அவரு உட்டுட்டாரு. மொதல் வரிசையில, மைக்குக்கு முன்னால, புதுசா வர்றவங்க, வெவரம் தெரியாதவங்க நாலு பேரு உக்காந்திருப்பாங்க. அங்க ஃபேன் இருக்குமுங்க, ஆனா மரியாதை இருக்காது.

எல்லாத்தையும் உட ஒசந்தது எலை எடுக்கறது. அடியாருங்க சாப்பிட்ட எச்சி எலை. சாப்பிட்டவங்க அதைத் தொடக்கூடாது, அப்படியே வெச்சுட்டு எந்திரிக்கோணும். அதை எடுக்கறவந்தான் அத்தனை பேருக்கும் கீழான அடியாரு. பதினாறு வருசமா அந்தத் தொண்டு என்றது. வேற ஒருத்தரையும் தொட உட்டதில்லை. ஒவ்வொரு எலையா ரெண்டு கையில எடுத்து, நெஞ்சுல வெச்சு, கண்ணுல ஒத்தி, அப்புறம்தான் கூடையில போடுவேன். ஒரு எலைக்கு முக்கா நிமிசம். நூத்தி இருவது எலைன்னா ஒண்ணரை மணி நேரம். அடுத்த பந்திக்காரங்க பசியோட நின்னுட்டே என்னையப் பாத்துட்டு இருப்பாங்க. செல பொம்பளைங்க கண்ணைத் தொடச்சுக்குவாங்க. என்ற ஊட்டுக்காரம்மா மட்டும் கூட்டத்துக்கு வராது. கூப்பிட்டா, நம்மூட்டு எலைய எடுத்துப் போட்டுட்டுக் கெளம்பறதுக்குள்ள வேன் போயிருதுன்னு சொல்லும். பக்தி கொஞ்சம் கம்மி.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கலாம். முப்பத்தோரு வருசம் சர்வேயரா அலைஞ்சேன். சர்வேயர் வந்தா சந்தோசப்பட்ட ஊடு ஒண்ணு காட்டுங்க பாப்போம். நான் நெலம் அளக்கற சங்கிலிய இழுத்தா அண்ணந்தம்பி மண்டைய ஒடச்சுக்குவாங்க. கல்லு நட்டுட்டுத் திரும்புனா முதுகுக்குப் பின்னால மண்ணை வாரித் தூத்துவாங்க. ஒருத்தரும் மொகங்குடுத்து ஒரு டம்ளர் மோரு குடுத்ததில்லை. அப்படி இருந்தவன் மொத மொத எலை எடுத்த அன்னைக்கு, யாருன்னே தெரியாத ஒரு அம்மா என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஊட்டுக்கு வந்து படுத்தா தூக்கமே வரலை. இந்த ஒலகத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு எடந்தாங்க. அது கையை உட்டுப் போயிருமோன்னு ஆயிப்போச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

போன வருசம் ஆடி மாசம். மாராத்தான்னு ஒரு அம்மா கூட்டத்துக்கு வந்தாங்க. அம்பது வயசு இருக்கும், புருசன் இல்லை. எங்கூரு நகராட்சியில கூட்டற வேலை. தூய்மைப் பணியாளர்னு சொல்லோணுமாம் இப்ப. கோயிலைச் சுத்தித் தேர்வீதிய இருவத்திரண்டு வருசமாக் கூட்டறவங்க. நான் சாதி கீதி பாக்கறவன் இல்லீங்க. வாங்கம்மா, உக்காருங்கன்னு சொன்னேன். கால்ல விழுகலை, வாஸ்தவந்தான். அது மூணு மாசம் தொடர்ந்து வந்தவங்களுக்குத்தான்னு ஒரு நடைமுறை வெச்சிருக்கோம். எப்ப இருந்து வெச்சிருக்கோம்னு கேக்காதீங்க.

மத்தியானம் மொதப் பந்தி முடிஞ்சுது. நான் துண்டை இடுப்புல கட்டி, கண்ணை மூடிச் சாமிய நெனச்சுட்டு இருந்தேன். எலை எடுக்கறதுக்கு முன்னால ஒரு ஏழு நிமிசம் அப்படி நிப்பேன். கண்ணைத் தொறந்து பாத்தா பந்தியில ஒரு எலை இல்லை. நூத்தி இருவது எலையும் கூடைக்குள்ள இருக்குது. அந்தம்மா தரையைத் தொடச்சுட்டு இருக்காங்க. ஏழு நிமிசமுங்க. அடுத்த பந்திக்காரங்க சிரிச்ச மொகமா உக்காந்துட்டாங்க. ஒருத்தருக்காச்சும் மனசு கேக்கோணுமே? கேக்கலை. எனக்குப் பொக்குனு போச்சு.

அந்தம்மாளத் தனியாக் கூப்பிட்டு, தன்மையாத்தான் சொன்னேன். “அம்மா, இது பக்குவப்பட்டவங்க செய்யற தொண்டு. வந்தவொடனே இதைத் தொடக்கூடாது.”

“குப்பைதானுங்க ஐயா?” அப்படிங்கறாங்க.

நீங்களே சொல்லுங்க, இது பணிவுங்களா? அவிய காலமெல்லாம் இதையே பண்றவங்க. பழக்கத்துல பண்றது எப்படிப் பணிவாகும்? நான் தாசில்தாருக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சவன். நான் குனிஞ்சா அது குனியறது. அவிய ஏற்கெனவே குனிஞ்சு இருக்கறவங்க, அதுக்கு மேல எங்க குனிவாங்க? இதை அர்த்தநாரிகிட்டச் சொன்னேன். அவரும் யோசிச்சுட்டு, ஞாயந்தான்னாரு. அதனால, பக்குவம் வர்ற வரைக்கும் எலைப் பக்கமே வரக்கூடாது, கடைசி வரிசைப் பக்கமும் வரக்கூடாது, மொதல் வரிசையில மைக்குக்கு முன்னால உக்காந்து பாடோணும்னு சொல்லிப்போட்டேன். எங்க கூட்டத்துல அதுக்கு மேல ஒரு தண்டனை கெடையாது. அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுங்களா, அங்க ஃபேன் ஓடுதுங்களான்னு கேட்டாங்க.

அடுத்த மாசம் உக்காந்து பாடுனாங்க.

என்ன சொல்றது. எழுதப் படிக்கத் தெரியாது. கோயில்ல விடியக்காலம் ஸ்பீக்கர்ல பதிகம் போடுவாங்க இல்லீங்களா, இருவத்திரண்டு வருசம் கூட்டிக்கிட்டே அதைக் கேட்டிருக்காங்க. அத்தனையும் மனப்பாடம். தொண்டையில ஒரு கரகரப்பு, புழுதி தின்ன தொண்டை. ஆனா பாடுனா ஆளை அப்படியே இழுக்குது. அது நெசம், நான் பொய் சொல்ல மாட்டேன். தண்ணிக் குழாய்கிட்ட உக்காந்திருந்த என்னையே இழுத்துச்சு. ஒரு பாட்டுல பாதியில சடார்னு நிறுத்துவாங்க. அப்புறம் மெதுவா அதே வரிய மறுக்கா எடுப்பாங்க. அந்த எடத்துல ஆம்பளைங்களே தேம்பித் தேம்பி அழுகறாங்க. அருள் வந்து நின்னுட்டாங்கன்னு சொல்றாங்க. அது ஒண்ணுமில்லீங்க, கோயில் கேசட்டுல டேப்பு சிக்கற எடம். எனக்குத் தெரியும், நானும் அதே கேசட்டைக் கேட்டவந்தான். நான் இதைச் சொன்னா பொறாமைன்னுவாங்கன்னு கம்முனு இருந்துட்டேன். நாலஞ்சு பேருகிட்டத்தான் சொன்னேன்.

அப்புறம் கடைசி வரிசை காலியாக ஆரம்பிச்சுதுங்க. மொதல்ல எந்திரிச்சுப் போனவரு அர்த்தநாரி. அடியேனுக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க, முன்னால போனாத்தான் கேக்குதுன்னாரு. செருப்பு உடற எடத்துல இருந்து நேரா மொதல் வரிசை. அவரு போனதும் பின்னாலயே ஒவ்வொருத்தராப் போனாங்க. மார்கழியில பாத்தா கடைசி வரிசையில நான் மட்டுந்தான். ஒரு ஆளு உக்காந்தா அது வரிசைங்களா? செருப்பைத் தேடி வந்தவங்க, ஐயா, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

செரி, போகட்டும். எலையாவது நம்மகிட்ட இருக்குதேன்னு இருந்தேன். அந்தம்மா எலையத் தொடலை, சொன்ன சொல்லைக் கேட்டாங்க. ஆனா பந்தியில யாரும் என்னையப் பாக்கறதில்லை. சோத்தைத் தின்னுட்டு வெசயா எந்திரிச்சு, அடுத்த பாட்டுக்கு எடம் புடிக்கப் போயிர்றாங்க. நான் நெஞ்சுல வெச்சு, கண்ணுல ஒத்தி எடுத்துட்டு இருக்கேன். ஒருத்தரு வந்து, ஐயா, கொஞ்சம் சுருக்கா எடுங்க, நேரமாச்சுங்கறாரு.

இதுக்கு நடுவுல எங்கூரு சிவன் கோயிலுக்குத் தை மாசம் கும்பாபிசேகம் வந்துச்சு. அதுல அடியார் ஒருத்தருக்குப் பரிவட்டம் கட்டுவாங்க. சாமிக்குச் சாத்துன துணிய நம்ம தலையில கட்டறது. கோயில்ல அதுக்கு மேல ஒரு மரியாதை கெடையாது. வருசா வருசம் திருவிழாவுலயும் கட்டறதுதான், ஒம்பது வருசமா எனக்குத்தான். ஆனா கேட்டவொடனே தலையக் காட்டறவன் நான் இல்லீங்க. அதுக்கு ஒரு மொறை இருக்குது. மொதத் தடவை கேட்டா, அடியேனுக்கு எதுக்குன்னு கையெடுத்துருவேன். ரெண்டாந்தடவை கேட்டா கண்ணுல தண்ணி வரும். மூணாந்தடவை நாலு பேரு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிக் கட்டி உடுவாங்க. கோயில் கமிட்டியோட பழைய தலைவருக்கு அந்த மொறை தெரியும். போன வருசம் அவரு தவறிட்டாரு. அந்த எடத்துக்குப் புதுசா லோகநாதன்னு ஒரு தம்பி வந்துச்சு. எஞ்சினியர். நல்ல தம்பி, கையில எப்பவும் ஒரு நோட்டு இருக்கும்.

ஊட்டுக்கே வந்து கேட்டுச்சு. ஐயா, பரிவட்டம் உங்களுக்குக் கட்டலாமுங்களான்னு. நான் வழக்கம் போல, அடியேனுக்கு எதுக்குங்க தம்பி, என்னை உட ஒசந்த அடியாருங்க இருக்காங்கன்னு கையெடுத்தேன்.

“செரிங்க ஐயா”ன்னு சொல்லிப்போட்டு நோட்டுல என்ற பேரை அடிச்சிருச்சு. “யாருங்க ஐயா அந்த ஒசந்த அடியாரு?”

இப்படி ஒருத்தரும் கேட்டதில்லீங்க. ரெண்டாந்தடவை கேக்கும்னு நான் கண்ணைத் தயார் பண்ணிட்டு இருக்கேன். யாரைச் சொல்றது? அர்த்தநாரியச் சொன்னா அந்தாளு ஓடி வந்து கட்டிக்குவாரு. யாருக்குக் கட்டவே மாட்டாங்கன்னு ஒரு விநாடி யோசிச்சுப் பாத்தேன். தேர்வீதி கூட்டற மாராத்தாம்மாவுக்குக் கட்டுங்க தம்பின்னு சொன்னேன். தம்பி தெகைச்சுப் போகும், அடடா இந்த மனுசனுக்கு என்ன பணிவுன்னு நெனைக்கும், அப்புறம் இழுத்துட்டுப் போயி எனக்கே கட்டும். கணக்கு அதுதான்.

தம்பி கண்ணு கலங்கிருச்சுங்க. என்ற கால்ல விழுந்துச்சு. ஐயா, இதை வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, நீங்க பெரிய மனுசனுங்கன்னு சொல்லிட்டு, நோட்டுல எழுதிட்டுப் போயிருச்சு. போயி அந்தம்மாளக் கேட்டிருக்குது. அந்தம்மா ஒரு வார்த்தை மறுக்கோணுமே? எவ்வளவு நேரமுங்க ஆகும், பதனோரு மணிக்குக் குப்பை வண்டி வந்துருமேன்னு கேட்டிருக்காங்க. கால் மணி நேரந்தான்னு சொன்னதும் செரீன்னுட்டாங்க.

ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கலை. அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. பரிவட்டம் கட்டுனவொடனே, அத்தனை சனத்துக்கு முன்னால, அந்தம்மா கால்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்துர்றது. பதினாறு வருசம் கூட்டம் நடத்துனவன், கவர்மெண்டு உத்தியோகம் பாத்தவன், கூட்டற அம்மா கால்ல விழுந்தா ஊரே பேசுமா பேசாதா? பரிவட்டத்தை அன்னைக்கே மறந்துருவாங்க. மொத நாளே போயி வெளிப் பிரகாரத்துல எடம் பாத்து வெச்சேன். அந்தம்மா நிக்கற எடத்துல இருந்து பதனோரு அடி. அங்க விழுந்தா மேடையில இருக்கறவங்களுக்கும் தெரியும், வீடியோக்காரருக்கும் மறைக்காது. புது வேட்டி வாங்குனேன்.

அன்னைக்கு நல்ல கூட்டம். பொம்பளைக்குப் பரிவட்டமான்னு குருக்கள் கொஞ்சம் இழுத்தாரு, லோகநாதன் கட்டுங்கன்னுச்சு. கட்டுனாங்க. நான் முன்னால வந்தேன், ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கி, சிவசிவான்னு ஒரு சத்தம் குடுத்துட்டு விழுந்தேன். விழுந்தவொடனே ஓன்னு ஒரு ஆரவாரம். அத்தனை சனமும் கையத் தூக்கிக் கும்பிடுது. எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் அப்படியே கெடந்துட்டு, லேசாத் தலையத் தூக்கிப் பாத்தேன். எல்லாரும் வானத்தைப் பாத்துட்டு இருக்காங்க. கோபுரத்துக்கு மேல கருடன் வட்டம் போடுது. கும்பாபிசேகத்துக்குக் கருடன் வந்துருச்சாம். வீடியோக்காரரும் மேலதான் காமிராவைத் தூக்கிப் புடிச்சிருந்தாரு.

அந்தம்மா ஒருத்திதான் என்னையப் பாத்தாங்க. குனிஞ்சு என்ற தோளைத் தொட்டாங்க.

“எந்திரிங்க ஐயா. ஈரம். இப்பத்தான் கழுவி உட்டேன்.”

வேட்டி நெஞ்சுல இருந்து முட்டி வரைக்கும் நனைஞ்சு போச்சு. ஒரு மூலையில நின்னு காய வெச்சுட்டு இருந்தேன். பதனோரு மணிக்கு அந்தம்மா கெளம்பிட்டாங்க. பரிவட்டத்தை அவுத்துச் சும்மாடு சுத்தித் தலையில வெச்சு, அதுமேல குப்பைக் கூடையத் தூக்கிட்டுப் போனாங்க. பாத்தீங்களா? எனக்குக் கட்டியிருந்தா ஊட்டுல சாமி ரூம்புல வெச்சிருப்பேன்.

அப்புறம் பந்தி. ஆறு பந்தி, ஆயிரத்துக்கு மேல சனம். நான் துண்டைக் கட்டிட்டுக் கூடையோட நின்னேன். ஆயிரம் எலை, நம்மள உட்டா யாரு எடுப்பாங்க? லோகநாதன் மைக்கைப் புடிச்சிருச்சு. நம்ம மாராத்தாம்மாவுக்கு மரியாதை பண்ற நாளு இது, அதனால அவங்கவங்க எலைய அவங்கவங்களே எடுத்துப் போட்டுருங்கன்னு சொல்லிருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அவங்கவங்க எலையச் சுருட்டி எடுத்துட்டு வந்து என்ற கூடையிலயே போட்டாங்க. கூடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் புடிங்க ஐயான்னு வேற சொன்னாங்க. அர்த்தநாரியும் வந்து போட்டாரு. கூடை ரொம்பறதும் கொட்டறதுமா அஞ்சு பந்தி ஓடுச்சு.

கடைசிப் பந்திக்குத்தான் அந்தம்மா வந்தாங்க, வண்டிக்கு லோடு ஏத்தி உட்டுட்டு. சாப்பிட்டு முடிக்கறப்ப, மகா அபிசேகம் ஆரம்பிக்குது, அம்மா பாட வாங்கன்னு மைக்குல அவசரமாக் கூப்பிட்டாங்க. கூட இருந்தவங்க எலைய எடுத்துட்டுக் கெளம்ப, அந்தம்மாளை ரெண்டு பேரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பந்திப் பந்தல்ல ஒருத்தரும் இல்லை. ஒரே ஒரு எலை கெடக்குது. அவிய சாப்பிட்ட எலை.

நான் அதுகிட்டப் போயி நின்னேன்.

பதினாறு வருசத்துல இருவதாயிரம் எலைக்கு மேல எடுத்திருப்பேன். இது ஒரு எலை. இந்தப் பக்கம் பாத்தேன், அந்தப் பக்கம் பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்லை. உள்ள அந்தம்மா பாட ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் அங்க இருக்காங்க. எடுத்தா எனக்கும் அந்த எலைக்கும் மட்டுந்தான் தெரியும். குனிய முடியலீங்க. முட்டி வலின்னு உங்ககிட்டச் சொல்லலாம். காலையில அந்தத் தரையில நெடுஞ்சாண்கிடையா விழுந்ததும் இதே முட்டிதான். என்ன பண்ணியும் ஒடம்பு குனியலை. எனக்கு என்மேலயே பயம் வந்துருச்சு. அந்தம்மா பாடி முடிக்கற வரைக்கும் அந்த எலைய நாய் இழுத்துட்டுப் போகாம பாத்துட்டு அப்படியே நின்னேன். முக்கா மணி நேரம் இருக்கும்.

பாடி முடிச்சுட்டு வந்தாங்க. நான் நிக்கறதைப் பாத்தாங்க, எலையப் பாத்தாங்க. குனிஞ்சு அவிய எலையச் சுருட்டி ஓரமா வெச்சாங்க.

“ஐயா, சாப்டீங்களா?”

அந்தக் கேள்விய யாரும் என்கிட்டக் கேட்டதில்லீங்க. கடைசியாத்தான் சாப்பிடுவாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதோட உட்டுருவாங்க. இல்லைன்னு தலையாட்டுனேன். உக்காருங்கன்னு சொல்லி ஒரு எலையப் போட்டாங்க. அடிச்சட்டியில இருந்த சோத்தை வழிச்சு வெச்சு, மேல ஊத்தி, பெசஞ்சு சாப்பிடச் சொன்னாங்க. ரெண்டு வாய்தான் எறங்குச்சு, கண்ணுல இருந்து பொலபொலன்னு ஊத்துது. எனக்கு வெக்கமாப் போச்சு. ரசம் நெம்பக் காரமுங்கம்மான்னு சொன்னேன். அது மோருங்க ஐயான்னாங்க.

சாப்பிட்டு முடிச்சேன். அவிய பாட்டுக்கு என்ற எலையில கைய வெச்சாங்க, குடுங்க ஐயா, கையோட போட்டர்றேன்னு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை, எலைய அமுத்திப் புடிச்சுட்டேன். உடுங்கம்மா, நானே போட்டுக்கறேன்னேன். அட குடுங்கன்னு அவிய இழுக்க, நான் உடாம இழுக்க, எலை நடுவால கிழிஞ்சு மோரெல்லாம் புது வேட்டியில போச்சு. அவிய எடுத்தா மறுக்கா அவியதான் கீழான அடியாருன்னு ஆயிரும்னு புடிச்சு இழுத்தனா, இல்லை நெசமாவே மனசு கேக்காம இழுத்தனா, இன்னைக்கு வரைக்கும் எனக்கே வெளங்கலீங்க. பாதி எலை என்ற கையில, பாதி எலை அவிய கையில. ரெண்டு பேரும் மடப்பள்ளிக்குப் பின்னால நடந்து போயித் தொட்டியில போட்டோம்.

அதை யாரும் பாக்கலீங்க. அதான் உங்ககிட்டச் சொல்றேன்.